மூலத்துப் பக்கம் ஒரு வெளிச்சம்

எக்ஸ்ரே வேனுக்குப் புதிதாகச் சாரதியாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். வேன் ஓட்டுவதைப் பற்றி எழுதப் போவதில்லை. பசறை மலை வீதியின் வளைவுகள் இரண்டு கிழமையில் அதைச் சொல்லிக் கொடுத்துவிடும். மெசினைப் பற்றியும் எழுதமாட்டேன். அது எனக்குத் தெரியாது. நான் எழுதுவது வாயைப் பற்றி. சாரதியின் வேலை ஸ்டியரிங்கோடு முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்திய பிறகு, உள்ளே ஏறப் பயந்துகொண்டு வரிசையில் நிற்கும் ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பது சாரதிதான். அந்தப் பேச்சில்தான் ஒரு நாள் நான் கவிழ்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஹாலிஎலப் பக்கம் எங்கள் தோட்டப் பாடசாலையில் அதற்கு மேல் வகுப்பு இல்லை. பதுளைக்கு அனுப்ப வீட்டில் வழியும் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியின் இருட்டறையில் எக்ஸ்ரே படம் கழுவும் வேலையில் சேர்ந்தேன். படமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு வேனுக்கு மாற்றினார்கள். பயந்த சுபாவம் எனக்கு. ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்குவேன், டயருக்குக் கல் வைப்பேன், நாலு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து அந்தக் கல் இருக்கிறதா என்று பார்ப்பேன். மீரியபெத்த தோட்டம் மண்சரிவில் புதைந்துபோனதற்குப் பிறகு, தலைக்கு மேல் மண்திட்டு உள்ள எந்த இடத்திலும் நான் வண்டி நிறுத்தியதில்லை. "அண்ணன் பயந்து பயந்தே எங்கள எல்லாம் உசிரோட வச்சிருக்கார்" என்று மிஸ் சொல்வார்.

மிஸ் என்றால் எங்கள் எக்ஸ்ரே மிஸ். பண்டாரவளையில் புடவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். என்னை விடப் பதினைந்து வயது இளையவர். பெயர் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். என் வேலையில் நான் படித்ததில் பாதிக்கு மேல் அவரிடம் படித்தது.

அன்றைக்குப் பசறையைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். காசநோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். மிஸ் போனில் எதையோ வாசித்துக்கொண்டு வந்தார். திடீரென்று, நம் பால்வீதியின் நடுவில் இருக்கிற கருந்துளைப் பக்கமிருந்து எக்ஸ்ரே பளிச்சென்று அடித்திருக்கிறது என்றார்.

எக்ஸ்ரே என்ற சொல்லைக் கேட்டதும் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. "அங்க யாரு மிஸ் எடுக்கிறது?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "யாரும் எடுக்கல்ல அண்ணன். அது தானா வருது" என்றார்.

பிறகு வளைவுக்கு வளைவு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கருந்துளை என்று பெயர்தானே தவிர அது துளை இல்லையாம். நாற்பது இலட்சம் சூரியன்களின் பாரம் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கிறதாம். அதற்குள் போன வெளிச்சம் கூடத் திரும்பி வராது. அப்படியென்றால் எக்ஸ்ரே எப்படி வந்தது என்று கேட்டேன். அது உள்ளேயிருந்து வருவதில்லை, உள்ளே விழுவதற்கு முன்னால் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிற வாயுதான் சூடேறி எரிகிறது என்றார். சும்மா மங்கலாக இருக்கும். சில நேரம் பல மடங்கு பிரகாசமாகும். ஒரு மணி நேரம் போல எரிந்துவிட்டு அடங்கிவிடும். பெரும்பாலும் நாளுக்கு ஒரு தடவையாவது இப்படி நடக்கும், ஏன் என்று படித்தவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். இப்போது பார்த்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி ஏறக்குறைய இருபத்தாறாயிரம் வருஷம் ஆகிறதாம்.

 ஒரு நெஞ்சுப் படம் எடுக்க எங்களுக்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும், டீசல் வேண்டும், நீளமான வயர் வேண்டும், அது நனையாமல் பார்த்துக்கொள்ள நான் வேண்டும். அங்கே வயர் இல்லாமல், ஆள் இல்லாமல், தினமும் அடிக்கிறது. வாழ்க்கை முழுக்க எக்ஸ்ரேக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். அது ஆஸ்பத்திரிச் சாமான் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மலைக்கு மேலே வெறும் நீலமாகத் தெரிந்த வானத்தைப் பார்த்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்த கை சில்லிட்டது.

எந்தப் பக்கம் என்று கேட்டேன். தனுசுப் பக்கம், தேளின் வால் முடிகிற இடத்துக்குக் கிட்ட என்றார். அதோடு அவருக்குப் போன் வந்துவிட்டது.

தேளின் வால் என்றால் மூல நட்சத்திரம். கோயிலில் பஞ்சாங்கம் பார்க்கிறவர்களோடு இருந்து பழகியதால் எனக்கு அது தெரியும். எட்டாம் வகுப்பில் நின்றவன், மிஸ் சொன்ன கருந்துளையையும் பஞ்சாங்கத்து மூலத்தையும் நானாகவே சேர்த்துவிட்டேன். நெஞ்சு நிமிர்ந்துபோனது. இன்னொன்றும் கேட்க இருந்தேன்: அந்த எக்ஸ்ரே நம் மேல் படுமா? போன் பேச்சு முடிவதற்குள் தோட்டம் வந்துவிட்டது. கேள்வியை மறந்துவிட்டு, பாதிக் கதையோடு இறங்கினேன்.

பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்தில், கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், சமதரை இருந்தது. ஆனால் அதற்கு மேலே மண்திட்டு. நான் சற்றுத் தள்ளிச் சரிவில் நிறுத்தினேன். ஜெனரேட்டரைப் பக்கத்தில் இறக்கி, கேனில் இருந்த டீசலைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மூன்று தடவை அளவு பார்த்தேன்.

வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து, படம் எடுக்கப் பெயர் எழுதப்பட்ட பெண்கள் வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பயம். இருட்டு வேனுக்குள் என்ன செய்வார்களோ, தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று. தாலிக் கயிற்றைத் தூக்கி வாயில் கவ்விக்கொண்டால் போதும் என்று சொல்லி அந்தப் பயத்தைத் தீர்த்தேன். பிறகும் முகங்கள் இறுகித்தான் இருந்தன. சரி, ஒரு புதினச் செய்தி சொல்லிச் சிரிக்க வைப்போம் என்று நினைத்தேன். வானத்திலும் ஒரு எக்ஸ்ரே மெசின் இருக்கிறது, எல்லாவற்றையும் விழுங்குகிற கருந்துளை, அதன் பக்கமிருந்து எக்ஸ்ரே அடிக்கிறது என்று கையை ஆட்டிச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று ஒருத்தி கேட்டாள். மூலத்துப் பக்கம் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

மிஸ் உள்ளேயிருந்து தவமணி என்று கூப்பிட்டார். ஆள் இல்லை. மூன்று மாதமாக இருமல், போன கிழமை துணியில் இரத்தம் என்று தோட்டத்து மருத்துவிச்சியான குடும்பநல மாது தனியாகக் குறித்து அனுப்பியிருந்த பெயர் அது. அன்றைக்கு நாங்கள் அந்தத் தோட்டத்துக்குப் போனதே முக்கியமாக அவளுக்காகத்தான். இப்பத்தானே நின்றாள் என்று சுற்றிப் பார்த்தேன். அவளுடைய மாமியார் வரிசையில் நின்றார். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"அவ மூலம். அதான் போயிட்டா."

மூலத்தில் பிறந்த பெண்ணை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணமான வருஷமே மாமனார் இறந்திருக்கிறார். அன்றிலிருந்து லயத்து வீடுகளில் கோழி செத்தாலும் அவள் நட்சத்திரம்தான் காரணம். இப்போது ஆஸ்பத்திரி வேனே வந்து, அரசாங்க உடுப்புப் போட்ட ஆளே சொல்லிவிட்டான்: அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் விழுங்குகிற ஒன்று இருக்கிறது என்று.

அதோடு முடியவில்லை. கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று வேன் கதவில் படம் ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். தாயோடு துணைக்கு வந்த ஒரு கர்ப்பிணி அதைக் காட்டிக் கேட்டாள்: "கதவுக்குள்ள இருக்கிறதுக்கே இவ்வளவு பயம்னா, வானத்துல இருந்து வர்றதுக்கு நாங்க எங்க போயி ஒளியிறது?"  வரிசை ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றார்கள்.

 பகல் இரண்டு மணிக்கு நாங்கள் இறங்கியாக வேண்டும். அதற்குப் பிறகு பனி மூடினால் அந்தப் பாதையில் வண்டி ஓட்ட முடியாது. அடுத்த சுற்று வர எத்தனையோ மாதமாகும். இரத்தம் துப்புகிறவளுக்கு அத்தனை மாதம் இருக்கிறதா? மிஸ்ஸிடம் ஆட்கள் வேலைக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நம்பியிருப்பார். தோட்டத்தில் அது நடக்கிறதுதான். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு ஏறிப்போய், "மிஸ், நான் ஒண்ணு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் ஏசவில்லை. சொன்னதைச் சொன்னபடியே சொல்லச் சொன்னார். ஒரு சொல்லையும் நல்லதாக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, ஆணியில் தொங்கிய ஈயக் கோட்டை எடுத்து என் கையில் போட்டார். எக்ஸ்ரே தன் மேல் படாமல் இருக்க அவர் போட்டுக்கொள்வது. கல் மாதிரிக் கனம்.

"இது எதுக்கு அண்ணன்?"

தடுக்க என்றேன்.

"நமக்கு மேல இருக்கிற காத்தும் இதே வேலைதான் செய்யுது. இதவிட நல்லா செய்யுது. அங்க இருந்து வர்ற எக்ஸ்ரேல ஒண்ணும் தரைக்கு வராது. தரையில நிண்டு பார்த்தா தெரியாதெண்டுதான், பாக்கிற கருவிய ராக்கெட்டில ஏத்தி காத்துக்கு வெளிய வச்சிருக்காங்க."

நான் கோட்டைப் பிடித்தபடி வேன் கதவுக்கு வெளியே பார்த்தேன். தேயிலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இருபத்தாறாயிரம் வருஷம் ஓடி வருகிற ஒன்றைக் கடைசிச் சில பத்து மைல் தூரத்தில் நிறுத்திவிடுகிறது. நாம் அதைத்தான் மூச்சாக இழுத்து விடுகிறோம். இருட்டறையில் படம் கழுவிய காலத்தில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது, படத்தில் கறுப்பாகத் தெரிவது காற்று, நெஞ்சில் கறுப்பு இருந்தால் நல்லது என்பதுதான். காற்றைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மிஸ்ஸே வந்து பேசினால் நல்லது என்றேன். அவர் மாட்டேன் என்றார். தான் போனால் அது ஆஸ்பத்திரிப் பேச்சாகிவிடும், பயத்தைக் கொண்டு வந்தவர்தான் அதைத் திருப்பி எடுக்கவும் வேண்டும் என்றார். முதலில் வரிசையில் நின்றவர்களிடம் ஈயக் கோட்டைக் கொடுத்தேன். கை மாறி கை மாறி எல்லோரும் கனம் பார்த்தார்கள். நான் பாதிதான் கேட்டுவிட்டுப் பேசிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மீதியைச் சொன்னேன். கர்ப்பிணிப் பெண் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்து வரிசைக்குள் விட்டாள். போனவர்களில் பலர் திரும்பினார்கள். பிறகு லயத்துக்கு நடந்தேன்.

வழியெல்லாம் ஒரே யோசனை. எக்ஸ்ரேக்குப் பதில் இருக்கிறது, மூலத்துக்கு என்ன பதில்?

தவமணி பீலியடியில் குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது வயது இருக்கும். கழுத்தெலும்பு தெரிந்தது. தங்கச்சி, அது யாரையும் ஒன்றும் செய்யாது, நான்தான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று தொடங்கினேன். அவள் இருமி முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"எனக்குப் பயமில்ல அண்ணே. நான் உள்ள போயி உங்க மெசினு நின்னு போச்சுன்னா? எனக்குப் பின்னாடி இத்தன பேரு நிக்கிறாங்க. அவங்களுக்கும் இல்லாம போயிரும். அதுவும் என் பேர்லதான் விழும்."

இதை நான் நினைத்தே பார்க்கவில்லை. தன் நெஞ்சுக்குப் பயந்து ஓடியிருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். தனக்குப் பின்னால் நின்றவர்களுக்காக விலகி வந்திருக்கிறாள்.

சொல்ல ஒன்றும் இல்லாததால் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். நாற்பது இலட்சம் சூரியன், விளிம்பில் எரியும் வாயு, தினமும் எரிந்து அடங்குவது, காற்று, ராக்கெட். குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை. இருபத்தாறாயிரம் வருஷம் என்றதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்ப அது கெளம்பினப்ப நானு இல்ல."

"இல்ல."

"எங்க மாமனாரும் இல்ல. யாருமே இல்ல." அப்போதுதான் குடத்தை எடுத்து வைத்தாள். "அந்த எடத்துக்கு மூலம்னு பேரு வைக்கக்கூட ஆளு இருந்திருக்காதே அண்ணே."

 காலையிலிருந்து அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு திரிந்தவன் நான். அதற்குள் இப்படி ஒன்று இருப்பதை அவள்தான் பார்த்தாள்.

ஒரு நிபந்தனை போட்டாள். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு கடைசியாகத்தான் ஏறுவேன், மெசின் நின்றாலும் யாருக்கும் நட்டமில்லை என்றாள். சரி என்றேன்.

படம் எடுத்து முடித்தவர்கள் யாரும் வேலைக்குத் திரும்பவில்லை. என்ன நடக்கிறது என்று பார்க்க அங்கேயே நின்றார்கள். மாமியாரும் நின்றார். இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தவமணி படியேறினாள். கதவு சாத்தியது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் மிஸ்ஸின் குரல் உள்ளேயிருந்து கேட்டது.

ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

எத்தனையோ வளைவுகளில் எனக்கு நெஞ்சு நின்றிருக்கிறது. இப்படி நின்றதில்லை. அத்தனை கண்களும் வேன் கதவுக்குப் போயின. மாமியாரின் வாய் திறந்தது. என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பெண்ணை எந்த வேனுக்குள்ளும் ஏற்ற முடியாது.

"ஐயோ, டீசல் ஊத்த மறந்துட்டேன். என் பிழைங்க, என் பிழை" என்று கத்தினேன்.

டீசல் இருந்தது. மூன்று தடவை பார்த்தவன் நான். சரிவில் நின்றதால் டீசல் குழாயில் காற்று ஏறியிருந்தது. ஆனால் அதை அப்போது விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வேனுக்கடியில் இருந்த கேனை எடுத்தேன், மூடியைத் திறந்தேன், புனலை வைத்து ஊற்றினேன். அல்லது ஊற்றுவது போலச் சாய்த்துப் பிடித்தேன். காலையில் கடைசிச் சொட்டு வரை காலியான கேன் அது. பிறகு குனிந்து நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியே விட்டு, கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்தது. 

வானத்து எக்ஸ்ரேயைத் தடுப்பது காற்று என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இங்கே அதே காற்றுதான் ஒரு குழாய்க்குள் ஏறி எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. அதுவும் தலைக்கு மேலே அத்தனை பெரிய வேலை செய்துகொண்டே.

பெயர்கள் சீக்கிரம் ஒட்டும். நான் இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஏதாவது நின்றுபோனால் சுற்றி நிற்பவர்கள் ஒரு பெயரைத் தேடுவார்கள். அந்த இடத்தில் பலமில்லாதவர் பெயர்தான் முதலில் வாயில் வரும். அதற்கு முன் உங்கள் பெயரைப் போட்டுவிடுங்கள். வண்டியைச் சரிவில் நிறுத்தியது நான்தானே. அதனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.

படம் விழுந்தது. திரையில் என்ன தெரிகிறது என்று ஆளிடம் நாம் சொல்லக்கூடாது, அது டாக்டரின் வேலை. ஆனால் எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. வலது பக்கம் மேலே, கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் பனி இறங்கியது போல வெள்ளை. மிஸ் அவளிடம், நாளைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், தானே வாசலில் நிற்பதாகச் சொன்னார். சொன்னபடி நின்றார்.

அடுத்த சுற்றுக்கு நாங்கள் போனபோது அவள் காசநோய் மாத்திரைகளை எல்லாம் குடித்து முடித்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. இருமுகிற இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். மிஸ் அவளுக்கும் ஒரு படம் எடுத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பினார். பழைய வெள்ளைக்கு ஒரு கோடு மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் கறுப்பு. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அவள் படியிறங்கி என்னிடம் வந்தாள். இன்றைக்கும் மூலத்துப் பக்கம் எரிந்ததா என்று கேட்டாள். எரிந்திருக்கும், நமக்குத் தெரியாமல் என்றேன். சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கேன்ல டீசல் இருக்கா அண்ணே, இல்ல இன்னைக்கும் வெறுங்கேன்தானா?"

எனக்கு முகம் சுட்டது. நீ உள்ளே அல்லவா இருந்தாய், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நான் பாக்கல. அன்னைக்கு ராவே லயத்துல பேச்சு. ரெண்டு வெரல்ல தூக்கினீங்களாம். நாங்க கொழுந்து சொமக்கிறவங்க, பாரம் இருக்கிறதும் இல்லாததும் எங்களுக்குத் தெரியாதா?"

அன்றைக்கு அங்கே நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். அத்தனை பேரும் கொழுந்து சுமக்கிறவர்கள். அத்தனை பேரும் அந்தக் கேனைப் பார்த்தார்கள். ஒருத்தி கூட வாய் திறக்கவில்லை.

"உன் மாமியுமா?" என்று கேட்டேன்.

"அவங்கதான் மொதல்ல கண்டது" என்றாள்.